ஜிம் லோவல்: நிலா வரை போய் வீடு திரும்பியவர்

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் லோவல் காலமானார். வயது 97. நம் குடும்பக் குழுவில் அந்தச் செய்தியை நான் போட்டதும் ஒரு தம்பி, "ரெண்டு தடவை போயும் நிலாவுல கால் வைக்க முடியாதவர்தானே அத்தை" என்று கேட்டிருந்தான். அவன் சொன்னது சரிதான். நிலாவுக்கு இரண்டு முறை போனவர், இரண்டு முறையும் இறங்காமல் திரும்பியவர். ஆனால் விண்வெளிக்குப் போவதற்கு முன்னால் அவர் கடற்படை விமானி. கப்பலில் இருந்து புறப்பட்டு, திரும்பவும் அதே கப்பலில் வந்து இறங்குவது அவர் தொழில். அந்தத் தொழிலில் எவ்வளவு தூரம் போனாய் என்பதைவிட எத்தனை தடவை பத்திரமாக வந்து இறங்கினாய் என்றுதான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் அவரைப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவரை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டில் காத்திருந்த மாரிலினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லோவல் 1928 மார்ச் 25 அன்று கிளீவ்லாந்தில் பிறந்தார். ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே அப்பா கார் விபத்தில் இறந்துவிட்டார். அம்மா தனியாளாக மில்வாக்கி நகரத்தில் வைத்து வளர்த்தார். பையனுக்கு ராக்கெட் பைத்தியம். பள்ளியில் படிக்கும்போது இரண்டு சேக்காளிகளோடு சேர்ந்து திரவ எரிபொருள் ராக்கெட் செய்ய வேண்டும் என்று வேதியியல் ஆசிரியரிடம் போய் நின்றிருக்கிறான். அவர் விரட்டவில்லை. திரவ எரிபொருள் உங்களால் ஆகாது, ஆபத்து என்று சொல்லி, வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் கலவைக்கு வழி காட்டினார். நம் சிவகாசிச் சரக்கேதான். ராக்கெட் கொஞ்ச தூரம் மேலே போய் வெடித்துச் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. அந்த ஆசிரியர் அன்றைக்கு "போடா, போய்ப் படி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். நாங்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்கிறவர்கள்தானே!

கல்லூரிக்குப் பணம் கட்ட வீட்டில் வசதி இல்லை. படிப்புச் செலவைக் கடற்படை ஏற்கும் ஒரு திட்டத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தார். பிறகு 1948-ல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

மாரிலின் அதே மில்வாக்கிப் பள்ளியில் அவருக்குக் கீழ் வகுப்பில் படித்த பெண். பள்ளி உணவுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை செய்துகொண்டிருந்த லோவல், வரிசையில் நின்ற அந்தப் பெண்ணிடம் பள்ளி நடன விருந்துக்கு வருகிறாயா என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம். மாரிலின் படிக்கப் போனது எங்கே தெரியுமா? மில்வாக்கி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. நம் இனம்! ஆனால் லோவல் அன்னாபொலிஸ் போனதும், அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டார். செலவுக்கு ஒரு பெரிய துணிக்கடையில் பகுதி நேர வேலையும் பார்த்தார். லோவல் இறுதியாண்டில் திரவ எரிபொருள் ராக்கெட் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பள்ளியில் ஆசிரியர் வேண்டாம் என்று தடுத்த அதே விஷயம். அதை முழுக்கத் தட்டச்சு செய்து கொடுத்தது மாரிலின். 1952 ஜூனில், பட்டம் வாங்கிய அன்றைக்கே அன்னாபொலிஸ் தேவாலயத்தில் கல்யாணம்.

நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோதும் இப்படி ஒருவருக்காக ஊர் மாறி, படிப்பு மாறிப் போன தோழிகள் இருந்தார்கள். சிலருக்கு நன்றாக அமைந்தது, சிலருக்கு அமையவில்லை. அதனால் இந்த இடத்தை "காதல் கதை" என்று வேகமாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தத் தொழில். விமானம் தாங்கிக் கப்பலில் இறங்குவது எப்படி என்றால், தளத்தின் குறுக்கே கம்பி வடங்கள் கட்டியிருப்பார்கள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். அந்தக் கொக்கி கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் உடனே மேலே எழும்பிவிட வேண்டும். கப்பலோ ஓடிக்கொண்டிருக்கும், அலையில் ஏறி இறங்கும். இதை லோவல் இரவில் செய்தார். பான்ஷீ என்ற ஜெட் விமானத்தில் இரவுப் பறப்புதான் அவருக்குக் கொடுத்த வேலை. மொத்தம் 107 முறை கப்பலில் இறங்கியிருக்கிறார்.

அதில் ஓர் இரவு. ஜப்பான் கடலோரம், ஷாங்ரி-லா என்ற கப்பல். நிலவில்லாத இருட்டு. கப்பலின் திசையைக் காட்ட வேண்டிய வானொலிக் கருவி, அதே அலைவரிசையில் ஜப்பான் கரையில் இருந்து வந்த வேறொரு சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தப்பான வழியில் இழுத்துப் போய்விட்டது. குறிப்புகளைப் படிக்கலாம் என்று, தானே செய்து வைத்திருந்த சின்ன விளக்கைச் செருகினார். மின்கசிவு ஏற்பட்டு விமானி அறையில் இருந்த எல்லா விளக்கும் அணைந்துபோனது. எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது. கீழே கறுப்புக் கடல். அப்போதுதான் தண்ணீரில் ஒரு மெல்லிய பச்சை ஒளிக்கோடு கண்ணில் பட்டது. கப்பலின் சுழலி கடலைக் கலக்கும்போது அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒளிரும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலையெல்லாம் நீலமாக மின்னியது என்று நீங்கள் எல்லாரும் எனக்குப் படம் அனுப்பினீர்களே, அந்த வகைதான். அந்தக் கோடு கப்பல் போன தடம். அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கப்பலைக் கண்டுபிடித்து இறங்கினார். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த மெல்லிய ஒளி கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம் சோதனை விமானி ஆனார். 1959-ல் முதல் ஏழு விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இவரைக் கழித்துவிட்டார்கள். ரத்தத்தில் பிலிருபின் கொஞ்சம் அதிகம் என்பது காரணம். மஞ்சள் காமாலைக்குப் பார்க்கிற அதே பரிசோதனைதான். 1962-ல் இரண்டாவது அணியில் எடுத்துக்கொண்டார்கள்.

1965 டிசம்பரில் ஜெமினி 7. ஃபிராங்க் போர்மனும் இவரும் ஏறக்குறைய 14 நாள் பூமியைச் சுற்றினார்கள். இரண்டு பேரை ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு வாரம் இறங்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? சாப்பாடு, தூக்கம், மற்றதெல்லாம் அங்கேயே. இதைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். அந்தச் சமயத்தில் மாரிலின் நான்காவது குழந்தைக்குக் கர்ப்பம் என்பதை அவ்வளவாக எழுத மாட்டார்கள். விஷயம் நாசாவுக்குத் தெரிந்தால் கணவரைப் பயணத்தில் இருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, முதல் சில மாதங்கள் வெளியே சொல்லாமலே மறைத்து வைத்திருக்கிறார். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் வேறு. கணவர் திரும்பி வந்த அடுத்த மாதம் குழந்தை பிறந்தது.

இவரை அன்பான குடும்பத் தலைவர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த வருடங்களில் அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு என்பதும் உண்மை. என் வகுப்பில் கப்பலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேராவது இருப்பார்கள். ரேங்க் கார்டில் கையெழுத்து அம்மாதான். ஆண்டுவிழாவுக்கு வருவதும் அம்மாதான். அப்பா ஊருக்கு வரும் மாதத்தில் மட்டும் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும். (யார் யார் என்று உங்களுக்கே தெரியும். சிரிக்காதீர்கள்!) ஹூஸ்டன் பக்கத்தில் விண்வெளி வீரர்கள் குடியிருந்த தெருக்களிலும் அதே நிலைதான். கூடவே, பத்திரிகைக்காரன் கதவைத் தட்டினால் சிரித்த முகமாகப் பேச வேண்டும் என்ற எழுதாத சட்டமும் அந்தப் பெண்களுக்கு இருந்தது. அந்தக் காலத்து விண்வெளி வீரர் குடும்பங்களில் பல பின்னாளில் உடைந்துபோயின. இந்தக் குடும்பம் உடையவில்லை.

1966 நவம்பரில் பஸ் ஆல்ட்ரினோடு ஜெமினி 12. அதை விட்டுவிட்டு 1968-க்கு வருகிறேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு மெக்சிகோவின் அகாபுல்கோ கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். ஆகஸ்டில் லோவல் வந்து, அங்கே போக முடியாது, வேறு இடத்துக்குப் போகிறேன் என்றார். வேறு இடம், நிலா. அப்போலோ 8. மனிதன் அதுவரை பூமியின் வட்டப் பாதையைத் தாண்டிப் போனதே இல்லை. போர்மன், லோவல், வில்லியம் ஆண்டர்ஸ் என்று மூன்று பேர். நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்ப ஒரே ஓர் எஞ்சின். அதுவும் நிலாவின் பின்பக்கம் இருக்கும்போது, பூமியோடு பேச்சே இல்லாத நேரத்தில், இயக்க வேண்டும். அது எரியாவிட்டால் மூன்று பேரும் நிலாவைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போர்மனின் மனைவி சூசன், கணவர் திரும்ப மாட்டார் என்றே நினைத்திருந்தாராம்.

டிசம்பர் 24 அன்று நிலாவைச் சுற்றத் தொடங்கி, 20 மணி நேரத்தில் 10 சுற்று சுற்றினார்கள். லோவல் ஜன்னல் பக்கம் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார். பூமி முழுக்க விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மாரிலின், பிள்ளைகள், கடல், கப்பல் எல்லாம் ஒரு விரலுக்குப் பின்னால். நாம் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். அவர் அங்கே நின்று இந்தப் பக்கம் பார்த்தவர். அந்தப் பயணத்தில் அமைதிக் கடல் என்கிற சமவெளியின் ஓரத்தில் முக்கோண வடிவில் ஒரு மலையைப் பார்த்து, அதற்கு "மவுண்ட் மாரிலின்" என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் ஆம்ஸ்ட்ராங் இறங்கப் போனபோது வழியடையாளமாகப் பயன்பட்ட மலைகளில் அதுவும் ஒன்று.

கிறிஸ்துமஸ் அன்று எஞ்சின் சரியாக எரிந்தது. நிலாவின் பின்னாலிருந்து வெளியே வந்ததும், சாண்டா கிளாஸ் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார் என்று லோவல் வானொலியில் சொன்னார். அதே நாள் ஹூஸ்டனில் அவர் வீட்டு வாசலில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் வந்து நின்றது. உள்ளே ஒரு மிங்க் ரோமக் கோட்டு. நிலாவில் இருக்கும் மனிதனிடமிருந்து மாரிலினுக்கு என்று அதில் ஓர் அட்டை. புறப்படும் முன்பே கடையில் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே எஞ்சின் எரியாமல் போயிருந்தாலும் இங்கே அந்தக் கோட்டு வந்து சேர்ந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

அப்போலோ 13 உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. படம் பார்த்திருப்பீர்கள். 1970 ஏப்ரல் 11 அன்று புறப்பட்டார்கள். இதுதான் தன் கடைசிப் பயணம் என்று லோவல் முன்பே சொல்லியிருந்தார். ஏப்ரல் 13 இரவு, பூமியில் இருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தூரத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. தாய்க்கலத்தில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. நிலாவில் இறங்குவதற்காகக் கொண்டுபோன சின்னக் கலம் இரண்டு பேர் இரண்டு நாள் இருக்கச் செய்தது. அதில் மூன்று பேர் நான்கு நாள் உயிரோடு இருந்து திரும்பி வர வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் 200 மில்லி கூட இல்லை. தாய்க்கலத்துக்குள் குளிர் 3, 4 டிகிரி. மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடை வடிகட்டச் சதுரப் பெட்டியை வட்டத் துளையோடு சேர்க்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா இவற்றை வைத்தே அதைச் செய்தார்கள்.

நான் நிற்க விரும்பும் இடம் வேறு. திரும்பி வரும் வழியில் பாதை கொஞ்சம் விலகிவிட்டது. மின்சாரத்தைச் சேமிக்கக் கணினியை அணைத்து வைத்திருந்தார்கள். அதனால் கையாலேயே திருத்த வேண்டும். லோவல் ஜன்னலில் இருந்த குறுக்குக் கோட்டில் பூமியைப் பிடித்து, அதில் பகலும் இரவும் பிரிகிற எல்லையை அடையாளமாக வைத்துக்கொண்டார். லோவலும் ஃபிரெட் ஹேய்ஸும் கலத்தைப் பிடிக்க, ஜாக் ஸ்விகர்ட் கைக்கடிகாரத்தில் நேரம் சொன்னார். எஞ்சின் எரிந்தது 14 நொடி. கருவி கைவிட்டால் கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துக்கொண்டு வா என்பது ஜப்பான் கடலில் அவர் ஏற்கெனவே படித்த பாடம்.

வீட்டில்? விண்கலத்தோடு நடக்கும் பேச்சைக் கேட்க நாசா வீட்டிலேயே ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தது. அதில் வந்தது பாதி எண்களும் சுருக்கெழுத்துகளும்தான். வீடு முழுக்க ஆட்கள். அழுவதற்குக் கூடத் தனியிடம் இல்லாமல் மாரிலின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை செய்தார். வெடிப்புக்குச் சற்று முன்னால் விண்கலத்தில் இருந்து அவர் கணவர் நடத்திய நிகழ்ச்சியை ஒளிபரப்பாத தொலைக்காட்சிக்காரர்கள், இப்போது வீட்டு முற்றத்தில் கோபுரம் கட்டலாமா என்று கேட்டார்கள். கூடாது, ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை என் கணவர் வீட்டுக்கு வருவார், அவரிடம் பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். வருவாரா என்பது உலகத்துக்கே தெரியாத நேரம் அது. அவர் வாயில் "வந்தால்" என்ற சொல் வரவில்லை. கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயது.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது வானொலி சில நிமிடம் அறுந்துபோவது வழக்கம். அன்றைக்கு அந்த மௌனம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டது. பிறகு மூன்று பாராசூட்டுகள். பசிபிக்கில் இறங்கியவர்களை ஈவோ ஜிமா என்ற கடற்படைக் கப்பல் ஏற்றிக்கொண்டது. லோவல் எடை 6 கிலோ குறைந்திருந்தார். கடற்படைக்காரர் மறுபடியும் கப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அதன்பின் அவர் விண்வெளிக்குப் போகவில்லை. நிலாவில் நடக்கும் ஆசை தீரவில்லைதான், அந்த ஏமாற்றத்தை அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். ஆனால் சொன்ன சொல்லில் நின்றார். 1973 மார்ச்சில் கடற்படையில் கேப்டனாக ஓய்வு பெற்றார். ஹூஸ்டனில் கப்பல்களை இழுத்துச் செல்லும் இழுவைப் படகு நிறுவனம், பிறகு தொலைபேசி நிறுவனங்கள் என்று சாதாரண உத்தியோகம் பார்த்தார். 1994-ல் ஜெஃப்ரி குளூகரோடு சேர்ந்து தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அடுத்த வருடம் ரான் ஹோவர்டின் படம் வந்தது. அதில் கடைசிக் காட்சியில் கப்பலில் டாம் ஹாங்க்ஸுக்குக் கைகொடுக்கும் அதிகாரி லோவலேதான். அட்மிரல் வேடம் போடுங்கள் என்றார்களாம். நான் கேப்டனாகத்தான் ஓய்வு பெற்றேன் என்று சொல்லித் தன் பழைய கேப்டன் சீருடையையே போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

சிகாகோ பக்கம் லேக் ஃபாரஸ்ட் ஊரில் குடியேறினார்கள். 1999-ல் குடும்பமாக ஓர் உணவகம் திறந்தார்கள். ஒரு மகன்தான் தலைமைச் சமையல்காரர். 2015 வரை நடந்தது.

நிலாவில் ஒரு மலைக்குப் பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது, பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு 49 வருடம் ஆனது. 2017-ல்தான் "மவுண்ட் மாரிலின்" அதிகாரப்பூர்வமாக வரைபடத்தில் ஏறியது. மாரிலின் இருந்து அதைப் பார்த்தார். 2023 ஆகஸ்டில், 93 வயதில் மறைந்தார். 71 வருடத் தாம்பத்தியம். காத்திருப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர் முதலில் போய்விட்டார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு வருடம் லோவல் தனியாக இருந்தார்.

அந்த மலையைப் பார்க்க நாளும் நேரமும் சொல்கிறேன். முழுநிலவில் நிழல் விழாது என்பதால் மலைகள் எடுப்பாகத் தெரியாது. வளர்பிறைப் பஞ்சமி, சஷ்டி நாட்களில், பொழுது சாய்ந்ததும் மேற்கு வானத்தில் நிலவு இருக்கும். அதில் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோட்டுக்குப் பக்கத்தில், அமைதிக் கடலும் வளமைக் கடலும் சேரும் இடத்தில் அந்த மலை இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும். உங்களில் இரண்டு மூன்று பேர் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறீர்கள். தொலைநோக்கி கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். மொட்டை மாடி இருக்கிறது. பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காபி என் பொறுப்பு.